சம்பந்தி வீட்டுக் கொடிவழியில் ஓர் ஆங்கில வணிகர்

வாசகி ஒருவரின் கேள்வி, 2022 ஜூன் 11

எங்கள் மருமகளின் குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தில் பல தலைமுறைகளாக வாழ்கிறது. மருமகளின் கொள்ளுப்பாட்டி யேல் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தின் மூதாதை லண்டன் வணிகர் என்றும், 1638இல் இரண்டு சகோதரர்களோடு நியூ ஹேவனுக்கு வந்து குடியேறினார் என்றும், சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் நேர் வாரிசுகள் தாங்கள் என்றும் சம்பந்தி சொல்கிறார். வீட்டுக் கூடத்தில் கேடயச் சின்னம் ஒன்றும் மாட்டியிருக்கிறார்கள். பேரனுக்காக இரண்டு பக்கக் கொடிவழியையும் எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கள் பக்கம் ஐந்து தலைமுறைக்கு மேல் பெயர் தெரியவில்லை. அவர்கள் பக்கம் 12 தலைமுறை அச்சிட்ட தாளாகவே இருக்கிறது. அதை அப்படியே எழுதிக்கொள்ளலாமா?

2022 ஜூன் 12

இப்போதைக்கு வேண்டாம். எழுதத்தான் வேண்டுமென்றால் பென்சிலால் எழுதுங்கள்.

எலிஹு யேல் 1649 ஏப்ரல் 5 அன்று பாஸ்டனில் பிறந்தவர் என்பது உண்மை. ஆனால் அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவேயில்லை. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை வந்தார். 1680இல் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தார். 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தார். இந்த மணத்தில் பிறந்த ஒரே மகன் டேவிட் குழந்தைப் பருவத்திலேயே இறந்து சென்னையில் புதைக்கப்பட்டான். உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி அந்தக் கல்லறை இன்றும் நிற்கிறது. மணமான மகள்கள் இங்கிலாந்தின் பெருங்குடிக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டார்கள். ஆகவே கனெக்டிகட்டில் யேல் என்ற பெயரோடு வாழ்ந்த ஒருவர் சென்னை ஆளுநரின் நேர் வாரிசாக இருக்க வழியில்லை.

அவர்கள் பெரும்பாலும் எலிஹுவின் சித்தப்பா தாமஸ் யேலின் வழியில் வந்தவர்கள். எலிஹுவின் தந்தை டேவிட் பாஸ்டனுக்குப் போய் வாணிபம் செய்து பிறகு ஊர் திரும்பினார். தம்பி தாமஸ் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார்.

அப்படியானால் அந்த லண்டன் வணிகர் யார்? தாமஸின் தாய் ஆன் லாயிட், செஸ்டர் பிஷப்பாக இருந்த ஜார்ஜ் லாயிடின் மகள். கணவர் இறந்த பின் அவர் தியோஃபிலஸ் ஈட்டன் என்ற லண்டன் வணிகரை மணந்தார். ஈட்டன் பால்டிக் கடல் வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். 1637இல் ஹெக்டர் என்ற கப்பலில் பாஸ்டன் வந்து, மறு ஆண்டு நியூ ஹேவனை நிறுவி, சாகும்வரை அதன் ஆளுநராக இருந்தார். தாளில் இருக்கும் லண்டன் வணிகர் இவர்தாம் என்றால், அவர் தாமஸின் மாற்றாந்தந்தை. தாமஸ் அவருடைய வீட்டில் வளர்ந்தவரே தவிர அவருடைய ரத்தம் அல்லர். யேல் என்ற பெயரும் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தது. ரெக்ஸம் அருகேயுள்ள நிலப்பகுதி ஒன்றின் பெயர் அது.

மூன்று சகோதரர்கள் சேர்ந்து கப்பலேறிய கதை புதிய இங்கிலாந்தில், அதாவது மாசசூசெட்ஸ், கனெக்டிகட் முதலியவை அடங்கிய அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், எண்ணற்ற குடும்பங்களில் சொல்லப்படுகிறது. ஒரே பெயருள்ள மூன்று குடும்பங்களைப் பிற்காலத்தில் ஒருவர் முடிச்சுப் போட்டதுதான் பெரும்பாலும் அதன் பிறப்பு. கேடயச் சின்னம் குறித்து ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். ஆங்கிலச் சட்டப்படி அது ஒரு மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டதே தவிர ஒரு குடும்பப்பெயருக்கு வழங்கப்பட்டதன்று. பெயரைச் சொன்னால் சின்னத்தை அச்சிட்டுத் தரும் கடைகள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

தாளின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். யார் தொகுத்தார், எந்த ஆண்டில் தொகுத்தார் என்பது முன்பக்கத்தைவிட முக்கியம்.

2022 ஜூன் 19

எனக்கு இதில் என்ன அக்கறை என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். நான் முப்பது ஆண்டுகள் தணிக்கையாளராக வேலை பார்த்தவள். என் மகள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஆங்கில வம்சாவளிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவர்கள் வீட்டிலும் இதே போன்ற ஒரு தாள் இருந்தது. முதல் வரியில், 1640களில் லண்டனிலிருந்து பாஸ்டன் வந்த வணிகர் என்று ஒருவருடைய பெயர் இருந்தது. பேத்தி பிறந்தபோது நான் ஆறு மாதம் அங்கே இருந்தேன். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு தொடங்கிய தேடல் ஏழு ஆண்டுகளுக்குப் பின்னும் முடியவில்லை. அந்தக் குடும்பத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

முதல் ஆண்டு முழுவதும் குடும்பப்பெயரைக் கொண்டே தேடினேன். இங்கிலாந்தின் தேவாலயப் பதிவேடுகள் 1538இல் வந்த அரசாணையால் தொடங்கின. அவற்றில் எந்தப் பெயரைத் தேடினாலும் பத்து ஊர்களில் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஆகவே பெயர் கிடைப்பது கண்டுபிடிப்பாகாது. உழவர் ஒருவர் குடியேறினார் என்றால் நிலப் பங்கீடும் திருச்சபை உறுப்பினர் பட்டியலும் தவிர வேறு தடம் இல்லாமல் போகலாம். வணிகர் அப்படியல்லர். அவர் இருபுறமும் கடன் உள்ளவர். கடல் கடந்து கொடுக்கவும் வாங்கவும் வேண்டியவர். கடன் இருக்கும் இடத்தில் தாள் இருக்கும். இதை ஒரு தணிக்கையாளராக முதல் நாளே உணர்ந்திருக்க வேண்டும்; ஓர் ஆண்டு கழித்துத்தான் உணர்ந்தேன்.

வணிகர் என்ற சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். லண்டனில் ஒருவர் எந்தத் தொழில்வழிச் சங்கத்தின் (கில்டு) உரிமை பெற்றவரோ அந்தத் தொழிலைத்தான் செய்தார் என்பதில்லை. பாஸ்டன் கடைக்காரர் ராபர்ட் கேன் இதற்கு நல்ல சான்று. அவர் 1595இல் விண்ட்சரில் ஒரு கசாப்புக்காரரின் மகனாகப் பிறந்தவர். லண்டனில் தொழில் பழகித் தையற்காரர் சங்கத்தில் உரிமை பெற்றார். 1635இல் பாஸ்டன் வந்து இறக்குமதிச் சரக்கு விற்றார். சரக்குக்கு அதிக விலை வைத்தார் என்று 1639இல் அவருக்கு 200 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டு, பின்னர் 80 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த அவமானம் அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. 1653இல் எழுதத் தொடங்கிய உயிலில் தம் நேர்மையை நிறுவுவதற்காகவே பக்கம் பக்கமாக எழுதினார். அது 158 பக்கம் வளர்ந்தது. தணிக்கைக்கு வந்த எத்தனையோ வணிகர்கள் எதிரில் அமர்ந்து தங்கள் பக்க நியாயத்தைச் சொன்னதைக் கேட்டவள் என்பதால் அந்த உயிலை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை; இடையிடையே மூடி வைத்தேன். நம் மூதாதைக்கு அப்படி ஒரு உயில் வாய்ப்பது அரிது. ஆனால் ஒருவரைக் கசாப்புக்காரரின் மகனாகவும் தையற்காரர் சங்கத்தவராகவும் வணிகராகவும் மூன்று பதிவேடுகளில் கண்டால், மூன்று மனிதர்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

2022 ஜூலை 3

தேதி பற்றி ஒரு குறிப்பு. 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. ஈட்டன் இறந்த நாள் சில நூல்களில் 1657 ஜனவரி 7 என்றும் சிலவற்றில் 1658 ஜனவரி 7 என்றும் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டும் ஒரே நாள். புதிய இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் மாதப் பெயர்களைத் தவிர்த்து எண்களால் எழுதினார்கள். அவர்களுடைய முதல் மாதம் மார்ச், பதினோராம் மாதம் ஜனவரி. இதை அறியாமல், தாய் இறந்து ஒன்பது மாதத்துக்குப் பின் குழந்தை பிறந்ததாக எழுதப்பட்ட கொடிவழியை நான் பார்த்திருக்கிறேன்.

2022 ஜூலை 24

தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று வாசகி எழுதியிருக்கிறார். தொகுத்தவர் பெயரும் ஆண்டும் ஆதாரமும் இல்லாத தாள் என்றால், அதில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் கேள்விதான். கீழிருந்து மேலே போங்கள். மருமகளின் பிறப்புச் சான்று, அவளுடைய பெற்றோரின் திருமணச் சான்று, பாட்டியின் பிறப்பு என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் வேண்டும். மேலிருந்து கீழே வந்தால் புகழ்பெற்ற பெயரோடு நம்மை ஒட்டவைக்கும் ஆசை வழியில் குறுக்கிடும்.

என் தேடலில் முதல் திறப்பு வில்லியம் ஆஸ்பின்வால் என்பவரால் கிடைத்தது. 1637இல் சமயப் பூசலில் மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டுத் திரும்பி, பாஸ்டனில் சான்றுறுதி அலுவலராக இருந்தவர் அவர். 1644 முதல் 1651 வரை அவர் பதிந்த ஆவணங்கள் 1903இல் அச்சாகியுள்ளன. அவருக்கு முன் வழக்கறிஞர் தாமஸ் லெச்ஃபோர்டு 1638 முதல் 1641 வரை வைத்திருந்த குறிப்பேடும் 1885இல் அச்சானது. கதை தேடுபவருக்கு இவை சலிப்பூட்டும். பெரும்பாலும் அதிகாரப் பத்திரங்கள், சரக்கு ஒப்பந்தங்கள், பணம் கொடுக்கப்படாமல் திரும்பிய உண்டியல்கள், அதாவது இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று வணிகர் எழுதித் தரும் தாள்கள். ஆனால் ஒவ்வோர் அதிகாரப் பத்திரமும், பாஸ்டனில் இருக்கும் ஒருவர் இங்கிலாந்தில் இன்ன ஊரில் இருக்கும் இன்னாரை நம்புகிறார் என்று சொல்கிறது. மனிதர் எங்கிருந்து வந்தார் என்பதற்கு அதைவிட நல்ல திசைகாட்டி இல்லை.

என் மகள் வீட்டுத் தாளில் இருந்த எங்கள் வணிகர் இங்கிலாந்தின் டார்ட்மவுத் துறைமுகத்தில் இருந்த தம் சகோதரருக்கு, மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து வரவேண்டிய பாக்கியை வசூலிக்க அதிகாரம் கொடுத்திருந்தார். அந்தச் சகோதரரின் குடும்பப்பெயர் வேறாக இருந்தது. எழுத்தர் பெயரைப் பிழையாக எழுதிவிட்டார் என்று எங்கள் சம்பந்தி வீட்டார் இரண்டு தலைமுறையாக நம்பிவந்தார்கள்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சகோதரர் என்ற சொல் மைத்துனரையும், மனைவியின் தங்கை கணவரையும், ஒரே சபையைச் சேர்ந்தவரையும் குறித்தது. மருமகன் என்று இன்று பொருள்படும் சொல் அன்று மனைவிக்கு முந்தைய மணத்தில் பிறந்த மகனையும் குறித்தது. மூத்தவர், இளையவர் என்று பெயருக்குப் பின் எழுதியிருந்தால் அவர்கள் தந்தை மகன் என்று பொருளல்ல. ஒரே ஊரில் ஒரே பெயரில் வயது வேறுபட்ட இருவர் இருந்தார்கள், அவ்வளவுதான். அண்ணன், தம்பி, மைத்துனர், சகலை, கொழுந்தன் என்று பிரித்துச் சொல்லிப் பழகிய நமக்கு, சகோதரர் என்ற ஒரு சொல் போதாது என்று உடனே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெயர்ப் பிழை என்று எடுத்துக்கொள்ளாமல், இவர் மனைவியின் அண்ணனோ தம்பியோ என்று கேட்டுப் பார்த்தேன்.

2022 ஆகஸ்ட் 14

மைத்துனர்தான்.

டார்ட்மவுத் இருக்கும் டெவன் பகுதியின் உயில்களை அந்தந்த வட்டார நீதிமன்றப் பதிவேடுகளில் தேடலாம் என்றுதான் தொடங்கினேன். 1942 மே மாதத்தில் எக்ஸிட்டர் நகரின் மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியபோது, அங்கே இருந்த உயில் தொகுப்பு அநேகமாக முழுதும் எரிந்துபோயிற்று என்று பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு நான் மனம் நொந்து மகளுடன் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் சொத்து வசதியுள்ளவர்களின் உயில்களும் ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் உடைமை வைத்திருந்தவர்களின் உயில்களும் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டன. 1858 வரையுள்ள அந்தத் தொகுப்பு லண்டனில் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. துறைமுக வணிகர்களின் குடும்பங்கள் அதில் நிறையவே உண்டு.

மைத்துனரின் குடும்பப்பெயரை வைத்துத் தேடியபோது ஒரு தந்தையின் உயில் கிடைத்தது. புதிய இங்கிலாந்தில் பாஸ்டனில் இருக்கும் மகளுக்கு 20 பவுண்டு விட்டுச் சென்றிருந்தார். மகளின் கணவராக எங்கள் வணிகரின் பெயர் அதில் எழுதியிருந்தது. கடல் கடந்து போன மகளை அந்தத் தந்தை மறுபடி பார்க்கவில்லை. என் மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தேன். பிறகு வெகுநேரம் கணினியை மூடவில்லை. மேலே படிக்கவும் இல்லை.

வணிகரின் சொந்த ஊரும் கிடைத்துவிட்டது. டார்ட்மவுத்துக்கு அடுத்த ஊர்த் தேவாலயத்தில் 1611இல் அதே பெயரில் ஞானஸ்நானம் பதிவாகியுள்ளது. தந்தையின் பெயரும் வணிகர் தம் மூத்த மகனுக்கு வைத்த பெயரும் ஒன்று.

2022 செப்டம்பர் 2

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரின் பூர்விகம் எப்படித் தெரிந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்; இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான கேள்வி. ஜான் ஹார்வர்டு யாருடைய மகன், எந்த ஊர் என்று ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஹென்றி வாட்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் லண்டனில் உட்கார்ந்து உயில்களை ஒவ்வொன்றாகப் படித்து 1885இல் விடை கண்டார். தேம்ஸ் தென்கரையில் சவுத்வர்க் பகுதியின் கசாப்புக்காரர் ராபர்ட் ஹார்வர்டின் மகன் அவர். சாவியாக இருந்தது தாயின் உயில். தாய் கேத்தரின் மூன்று முறை மணந்தவர். உயில் யியர்வுட் என்ற மூன்றாம் கணவரின் பெயரில் இருந்தது. ஹார்வர்டு என்ற பெயரை மட்டும் தேடியவர் அந்தத் தாயைத் தாண்டிப் போயிருப்பார். மகனைத் தேடுகிறவர் தாயின் மறுமணங்களையும் தேட வேண்டும். வாசகியின் தாளில் ஆன் லாயிடும் அப்படித்தான், யேலின் விதவையாக வந்து ஈட்டனின் மனைவியாக மறைந்திருக்கிறார்.

2022 அக்டோபர் 9

ஆகஸ்ட் 14 குறிப்பின் கடைசிப் பத்தி தவறு. அதைப் பார்த்துத் தங்கள் தேடலில் அதே முறையைப் பின்பற்றிய இருவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவை மட்டும் படித்தேன். அடக்கப் பதிவைப் படிக்கவில்லை. 1611இல் பெயரிடப்பட்ட குழந்தை 1613இல் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. வரவுப் பக்கத்தைப் பார்த்துப் பற்றுப் பக்கத்தைப் பாராமல் கணக்கை முடித்த பிழை இது. மூத்த மகனின் பெயர் ஒத்துப்போனதை ஆதாரமாக எடுத்துக்கொண்டதும் பிழைதான்; அந்தக் காலத்து ஆங்கில ஆண்களில் பெரும் பகுதியினர் ஜான், தாமஸ், வில்லியம் என்ற பெயர்களுக்குள் அடங்கிவிடுவார்கள்.

மைத்துனர், மாமனார், மனைவி ஆகிய மூவரும் டார்ட்மவுத்தைச் சேர்ந்தவர்கள் என்பது நிற்கிறது. வணிகர் அந்த ஊர்க்காரர் என்பது நிற்கவில்லை. பெண் எடுத்த ஊரைச் சொந்த ஊர் என்று நினைத்துவிட்டேன்.

2022 அக்டோபர் 30

மரபணுச் சோதனை எடுத்தால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே என்று கேட்பவர்களுக்கு: 12 தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 4,096 மூதாதையர் இடங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவரிடமிருந்து வந்த மரபணுத் துண்டு இன்று உடலில் இல்லாமலே போயிருக்கவும் கூடும். தந்தை வழி நிறமூர்த்தச் (Y குரோமோசோம்) சோதனை ஆண் வழியாக முறியாமல் வரும் கிளைக்கு உதவும். இரண்டு கிளைகள் ஒன்றல்ல என்று காட்ட அது சிறந்தது. மருமகளின் கொள்ளுப்பாட்டி வழியாகப் போகும் கிளைக்கு அது உதவாது.

அச்சான வம்ச வரலாறுகள் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்டாவ் ஆஞ்சு என்பவர் செல்வந்தக் குடும்பங்களுக்குப் பணத்துக்குக் கொடிவழி எழுதிக் கொடுத்தார். நடுவில் இரண்டு மூன்று பொய் உயில்களையும் பொய்ப் பதிவுகளையும் செருகி, மேல்முனையை ஒரு பெருங்குடியில் கொண்டுபோய் முடிப்பது அவர் வழக்கம். நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இப்படிச் செய்திருக்கிறார். அவை நூலகங்களில் இருக்கின்றன. இன்று இணையக் கொடிவழிகளில் படியெடுக்கப்பட்டு ஆயிரமாயிரமாகப் பரவியிருக்கின்றன. ஒரே செய்தி ஆயிரம் இடத்தில் இருந்தாலும் மூலம் ஒன்றுதான் என்றால் அது ஒரு சாட்சிதான். மாறாக, பாஸ்டனில் 1845இல் தொடங்கிய புதிய இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் நடத்தும் பெருங்குடியேற்ற ஆய்வுத் தொகுதிகளில் 1620 முதல் 1635 வரை வந்த ஒவ்வொருவருக்கும் ஆவணம் சுட்டித் தனிப் பதிவு இருக்கிறது. ஆதாரம் இல்லாத பூர்விகத்தை அவர்கள் தெரியாது என்றே எழுதுகிறார்கள். உங்கள் வணிகர் அந்த ஆண்டுகளுக்குள் வந்தவர் என்றால் முதலில் அங்கே பாருங்கள். ஈட்டனும் எங்கள் வணிகரும் அதற்குப் பிறகு வந்தவர்கள். அவர்களுக்கு அந்தத் துணை இல்லை.

2023 ஜனவரி 22

மறுபடியும் கடன்தான் கைகொடுத்தது.

ஆஸ்பின்வாலின் பதிவுகளை இரண்டாம் முறை, இம்முறை பெயரடைவைப் பாராமல் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். பெயரடைவில் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்ததால் முன்பு தவறிப்போன ஒரு கடன் ஒப்புகை கிடைத்தது. எங்கள் வணிகர் பிரிஸ்டல் நகரத்து விதவை ஒருவருக்குத் தாம் பணம் தரவேண்டும் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார். டார்ட்மவுத்தில் பெண் எடுத்து, பாஸ்டனில் கடை வைத்தவருக்குப் பிரிஸ்டல் விதவையிடம் என்ன கணக்கு என்று யோசித்தேன்.

பிரிஸ்டல் நகரம் தொழில் பழகுநர் பதிவேட்டை 1532 முதல் வைத்திருக்கிறது. ஒரு பையன் தொழில் பழகச் சேரும்போது அவனுடைய பெயர், தந்தையின் பெயர், தந்தையின் ஊரும் தொழிலும், எந்த முதலாளியிடம் எத்தனை ஆண்டு என்ற விவரம் பதியப்படும். சில வேளைகளில் முதலாளியின் மனைவி பெயரும் சேர்த்து எழுதப்படும். வணிக மூதாதையைத் தேடுகிறவருக்கு இதைப் போன்ற புதையல் வேறில்லை. ஒரே பதிவில் இரண்டு தலைமுறையும் ஊரும் கிடைத்துவிடும். விதவையின் கணவரை முதலாளியாகக் கொண்ட பழகுநர்களைத் தேடினேன். ஐந்து பேர் இருந்தார்கள். நான்காவது பெயர் எங்கள் வணிகருடையது: சாமர்செட் கிராமத்துத் துணி நெசவு முதலாளி ஒருவரின் மகன், ஏழாண்டு ஒப்பந்தம்.

இம்முறை அடக்கப் பதிவேட்டை முதலில் பார்த்தேன். அந்தப் பெயரில் சிறு வயதில் யாரும் அடக்கமாகவில்லை. தந்தையின் உயில் கிடைக்கவில்லை; ஆனால் அண்ணனின் உயிலில், கடலுக்கு அப்பால் இருக்கும் தம்பியிடமிருந்து தமக்கு வரவேண்டிய தொகையைத் தள்ளுபடி செய்வதாக ஒரு வரி இருக்கிறது. முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். மூன்று தனித்தனிக் கணக்குகள் ஒரே ஆளிடம் வந்து சேர்கின்றன என்று சொல்வேன். தணிக்கையில் அதற்குக் கையெழுத்திட்டிருப்பேன்.

லண்டன் வணிகர் என்ற பேச்சு எப்படி வந்தது என்பதும் விளங்கியது. அவர் எழுதிய உண்டியல்கள் லண்டனில் ஒரு முகவர் பெயரில் மாற்றப்பட்டன. புதிய இங்கிலாந்தில் நாணயம் பற்றாக்குறையாக இருந்தது. மீனும் பீப்பாய்ப் பலகையும் ஸ்பெயினுக்கும் மதீராத் தீவுக்கும் பார்படோஸுக்கும் போய், அங்கு கிடைத்த வரவு லண்டனில் உண்டியலாக மாறி, அதன் மேல் துணியும் இரும்பும் பாஸ்டனுக்கு வந்தன. உண்டியலில் லண்டன் என்று இருந்ததைப் பேரப்பிள்ளைகள் பிறந்த ஊராகப் படித்துவிட்டார்கள்.

2023 ஜனவரி 24

நியூ ஹேவனிலும் இதே சரக்கு வாணிபம்தான் நோக்கமாக இருந்தது, ஆனால் அவர்களுக்கு அது கைகூடவில்லை. டெலாவேர் ஆற்றில் வாணிப நிலையம் வைக்கும் முயற்சி நட்டத்தில் முடிந்தது. எஞ்சிய சரக்கைத் திரட்டி 1646 ஜனவரியில் இங்கிலாந்துக்கு ஒரு கப்பல் அனுப்பினார்கள். துறைமுகம் உறைந்திருந்ததால் பனியை வெட்டி வழி செய்து அனுப்பினார்கள். அந்தக் கப்பல் எங்கும் போய்ச் சேரவில்லை. அதில் போனவர்களில் ஒருவர் கேப்டன் நத்தானியேல் டர்னர். தாமஸ் யேலின் மனைவி மேரி அவருடைய மகள். வாசகி கவனிக்க வேண்டும்: தாமஸ் வழி உறுதிப்பட்டால் உங்கள் பேரனுக்கு ஈட்டன் ரத்த உறவாக மாட்டார், டர்னர் ஆவார். தாளில் டர்னர் பெயர் இருக்கிறதா?

2023 பிப்ரவரி 12

இந்தக் குறிப்பை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். எங்கள் சம்பந்தியம்மாளிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றார்.

எங்கள் வணிகர் 1660களில் இறந்தார். பாஸ்டன் அடங்கிய சஃபோக் மாவட்டத்தின் உயில் பதிவுகளில் அவருடைய உடைமைப் பட்டியல் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் மூவர் வீட்டுக்குள் அறை அறையாகப் போய் மதிப்பிட்டு எழுதியது. கூடத்தில் மேசை, பித்தளை விளக்குத் தண்டு. மேல் அறையில் இறகு மெத்தை. கடையில் கம்பளித் துணி, ஆணி, சர்க்கரைப் பீப்பாய். ஒரு கப்பலில் எட்டில் ஒரு பங்கு. கடைசியில் வரும் கடன், வராக்கடன் என்று இரண்டு தொகைகள். அன்றும் அப்படித்தான் பிரித்து எழுதினார்கள் என்பதைக் கண்டபோது அந்த மூவரையும் என் சக ஊழியர்களாக உணர்ந்தேன். அடுத்த பக்கத்தில், சமையலறைச் செப்புப் பாத்திரங்களுக்கும் பசுமாட்டுக்கும் நடுவே, கறுப்பினப் பெண் ஒருவர், 20 பவுண்டு என்று ஒரு வரி. பசுவுக்கு நிறம் எழுதியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் எழுதவில்லை.

புதிய இங்கிலாந்தில் அடிமை முறை இல்லை என்று நான் நினைத்திருந்தேன். 1638இல் டிசையர் என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பருத்தியோடும் புகையிலையோடும் ஆப்பிரிக்க அடிமைகளைப் பாஸ்டனில் இறக்கியிருக்கிறது. 1641இல் மாசசூசெட்ஸின் சட்டத் தொகுப்பு விலைக்கு வந்த அந்நியரையும் போரில் பிடிபட்டவரையும் அடிமையாக வைத்துக்கொள்ள இடம் தந்தது. அதற்கு முன்பே, 1637 போரில் பிடிபட்ட பீக்வாட் என்ற பழங்குடி மக்கள் தீவுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ஜனவரி 22 குறிப்பில் மீன் பார்படோஸுக்குப் போனது என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அந்த மீனைத் தின்றவர்கள் கரும்புத் தோட்டத்து அடிமைகள். சென்னை ஆளுநர் யேலின் காலத்தில் நம் கரையிலிருந்தும் அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். வாசகியின் சம்பந்தி வீட்டார் அவரை நேர் மூதாதையாகக் கொண்டாட விரும்பினால், இதையும் சேர்த்தே அறிந்திருப்பது நல்லது.

உடைமைப் பட்டியலை நான் சம்பந்தியம்மாளிடம் காட்டியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் எங்கே போனார் என்று கேட்டார். நான் ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கேட்காத கேள்வி அது.

2023 ஏப்ரல் 16

வாசகியின் மடல் வந்தது. தாளில் டர்னர் பெயர் இல்லை. தாமஸின் மனைவி இடம் வெறுமையாக இருக்கிறது என்கிறார். அவருடைய சம்பந்தி கேடயச் சின்னத்தைக் கூடத்திலிருந்து எடுக்கவில்லை, ஆனால் சான்றிதழ்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறாராம். கொள்ளுப்பாட்டியின் திருமணச் சான்று வரை வந்துவிட்டார்கள். நல்ல தொடக்கம். அடுத்து அச்சான நியூ ஹேவன் பதிவுகளைப் படியுங்கள். 1638 முதல் 1649 வரையுள்ள தொகுதி 1857இல் வந்தது. அதில் ஆளுநர் ஈட்டன் நடத்திய வழக்கு விசாரணைகள் ஏராளம். பெயரடைவை நம்பாமல் பக்கம் பக்கமாகப் படியுங்கள்.

எங்கள் பக்கம்: உடைமைப் பட்டியலுக்கு அடுத்த ஆண்டு மூத்த மகனும் விதவைத் தாயும் செய்துகொண்ட பாகப் பத்திரத்தின் படி கிடைத்திருக்கிறது. அந்தப் பெண் தாயின் பங்கில் போயிருக்கிறார். தாயின் உயில் இன்னும் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் மறுமணம் செய்திருந்தால் வேறு குடும்பப்பெயரில் இருக்கும். ஆகவே இப்போது பாஸ்டன் திருச்சபைகளின் திருமணப் பதிவுகளையும் ஞானஸ்நானப் பதிவுகளையும் 1663இலிருந்து படித்து வருகிறோம். இரண்டாம் வேலையைச் சம்பந்தியம்மாள் தாமே எடுத்துக்கொண்டார். பேத்திக்காக எழுதும் கொடிவழியில் வணிகரின் வீட்டுக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு, 1660களில் இந்த வீட்டில் இருந்தவர் என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்.